பூட்டிய ஃபோல்டர்

"பாஸ்வேர்டு இன்னா தீபா?"

ஹாலின் அந்தக் கோடியில் கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாலு கேட்டான். இந்தக் கோடியில் அவனுடைய அப்பா துளசிங்கம் ஐஸ் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருந்தார். நடுவில் ஊர்ப் பெண்கள் தரையை அடைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். தீபா மாமனாரின் தலைமாட்டில், மாமியார் கங்கையம்மாளின் பாரம் முழுவதையும் இடது தோளில் வாங்கிக்கொண்டு, சுவரோடு ஒடுங்கியிருந்தாள். புருஷன் கேட்டது ஒப்பாரியில் காதில் விழாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

போஸ்டருக்குப் போட்டோ வேண்டும். ஊரப்பாக்கத்தில் ஒரு பெரிய தலை போனால், பாடை கிளம்புவதற்குள் ஜி.எஸ்.டி. ரோட்டுச் சுவர்களில் அந்த முகம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தவருக்கு ஆள் இல்லை என்று பேசுவார்கள். போஸ்டர் அடித்து ஒட்டுகிற மாரி வாசலில் டி.வி.எஸ். ஐம்பதை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் காத்திருந்தான். கையில் கிடைத்ததெல்லாம் வாக்காளர் அட்டைப் படம்தான். அதில் துளசிங்கம் காலமானவராக இல்லை, போலீஸ் தேடுகிறவராக இருந்தார்.

கங்கையம்மாள்தான் அழுகைக்கு நடுவில் வழி சொன்னாள். "போன பொங்கலுக்கு எடுத்த போட்டோவெல்லாம் அந்தப் பொட்டில தீபா பேர்ல தானடா கீது!" ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மருமகளின் முழங்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாவு வீட்டில் ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்துவிடும். ஒருத்தன் ஷாமியானாவுக்கு ஓடுவான், ஒருத்தன் மேளத்துக்கு. துளசிங்கத்தின் தம்பி மகன் தசரதனுக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அவன் வீடு பக்கத்து வீடு. போன வருஷம் காம்பவுண்டுச் சுவர்மேல் நீலக் கேபிள் ஒன்றை இழுத்து, இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டவனே அவன்தான். இங்கே ஏற்றிய படம் அங்கே ஓடும், அங்கே இருக்கிற பாட்டு இங்கே பாடும். ஷேரிங் என்று சொல்லி எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். தீபாவுக்கு மட்டும் ஜன்னலுக்குத் திரை போடாத அறையில் புடவை மாற்றுகிற மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கிழக்குத் தாம்பரத்தில் சாலமோனின் டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவள் கைக்குச் சும்மா வரும். தாலி கட்டிய கையோடு பாலு அதை நிறுத்தினான். "பிளாட்டு போட்டு விக்கறவன் பொண்டாட்டி கடைல குந்திகினு டைப் அடிச்சா, எவன் என்னை நம்பி அட்வான்ஸ் குடுப்பான்?" என்றான். அவளும் நிறுத்திவிட்டாள் என்றுதான் ஊர் நம்பியது. பாலுவும் நம்பினான். அப்புறம் அவனே ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கூடத்தில் வைத்தான். மத்தியானம் மாமியார் தூங்குகிற நேரத்தில், கை தன்னால் வேலையைத் தேடிக்கொண்டு போனது.

மாமனாரிடம் மாட்டிக்கொண்டது ஒரு காதணி விழாப் பத்திரிகையோடு. அவள் திடுக்கிட்டுத் திரும்பியபோது அவர் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பூவ இந்தப் பக்கம் தள்ளிப் போட்டா நல்லா இருக்கும்ல கண்ணு?" என்றார். அவ்வளவுதான் விசாரணை. அடுத்த வாரத்திலிருந்து சி.டி.யைச் சாலமோனிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும், புது வேலையை வாங்கி வருவதும் அவர் பொறுப்பு. சாயங்கால எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்வருவார். வயசான காலத்தில் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப்போடும் மனுஷன் என்று தெருவே புகழ்ந்தது. கத்தரிக்காய்க்கு அடியில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

நீலக் கேபிள் வந்த பிறகு தீபா தன் ஃபோல்டரைத் தனக்கு மட்டும் என்று பூட்டினாள். பெயர் 'கோலம்' என்று வைத்தாள். உள்ளே இருக்கும் படங்கள் குட்டிக்குட்டியாக மேலே தெரியுமே என்று பயந்து, ஒரு புள்ளிக் கோலத்தைப் போட்டு முகப்பை மாற்றினாள். பார்த்துவிட்டு மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உள்ள குடித்தனம், வாசல்ல கோலமா?"

அந்த ஃபோல்டரைத்தான் இப்போது பாலு கேட்கிறான்.

"தீபா, உன்னத்தான். பாஸ்வேர்டு."

இனியும் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. "நானே வந்து எடுத்துத் தரேங்க" என்று எழப்போனாள். அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார விட்டால் போதும், ஒரு படத்தை வெளியே எடுத்துப்போட்டுவிட்டுச் சட்டென்று மூடிவிடுவாள். ஆனால் துளசிங்கத்தின் தங்கை ஞானசௌந்தரி அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காரு நீ. மாமனார் கெடக்க சொல்லோ தலமாட்டுல இருந்து மருமவ எழுந்துக்கலாமா? ஆம்பளைங்க பாத்துப்பாங்க."

"ரெண்டே நிமிஷம் சின்னத்தே."

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? உக்காருன்றேன்."

நாலு பேரும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் ஐஸ் பெட்டி, ஒரு பக்கம் மாமியார், முதுகுக்குப் பின்னால் சுவர். தீபா உட்கார்ந்தாள். "மறந்து போச்சுங்க" என்றாள். அவளுக்கே அது கேவலமான பொய்யாகப் பட்டது.

"பரவால்ல அண்ணி, நீங்க டென்ஷன் ஆவாதீங்க. நானே ஓப்பன் பண்ணிக்கறேன்" என்றான் தசரதன். நல்ல பிள்ளை. அவன் நல்லவனாக இருந்ததுதான் வினை.

அவன் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதைச் சுற்றி நின்ற ஆண்களுக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். பாலுவின் பெயரில் நுழைந்தான். கோலத்தின்மேல் அழுத்தினான். அனுமதி இல்லை என்று வந்தது. ஷேரிங்கைப் பார்த்தான், அதில் ஒன்றும் நடக்கவில்லை. "செக்யூரிட்டின்னு ஒரு டேப் இருக்கணும்ண்ணா. இந்த விண்டோஸ்ல அத மறைச்சி வச்சிருக்கான். சேஃப் மோடுல போனாத்தான் காட்டுவான்."

"இன்னாத்துல வேணா போ. சீக்கிரம் போ. மாரி கெளம்பறேன்றான்."

தசரதன் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். ஐஸ் பெட்டியின் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு கிளம்ப, விளக்கு ஒரு கணம் மங்கியது. யு.பி.எஸ். கீச்சென்று கத்தியது. தீபா வேண்டிக்கொண்டாள். கேட்காத நாளிலெல்லாம் தவறாமல் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை.

திரை கறுப்பாக வந்தது. எழுத்தெல்லாம் பூதாகாரமாகப் பெருத்திருந்தது. அது அப்படித்தான் வரும் என்று தீபாவுக்குத் தெரியும். அவள் இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு வரியையும் படிக்க முடிந்தது. அப்படியானால் ஹாலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி பாதியில் நிறுத்தி, "இன்னாடி இது, எழுத்து இம்மாம் பெருசா கீது?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

இந்த ஃபோல்டரின் சொந்தக்காரர் யார் என்று கேட்கிற பெட்டி வந்தது. தசரதன் தீபாவின் பெயரை எடுத்துவிட்டுப் பாலுவின் பெயரைப் போட்டான். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது.

காலையிலிருந்து அழாதவளுக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமாவுக்காகவா, ஃபோல்டருக்காகவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் அவளை வேலை தெரிந்த ஒருத்தியாகப் பார்த்த ஒரே மனுஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கில் பஞ்சோடு கிடக்கிறார், தான் இந்தப் பக்கம் இதை நினைத்து அழுகிறோமே என்று இருந்தது.

ஃபோல்டர் திறந்தது.

வரிசையாகக் குட்டிப் படங்கள். பிள்ளையார் போட்ட பத்திரிகைகள், பட்டுப்பாவாடையில் யாரோ வீட்டுப் பெண், ஒரு பிரியாணிக் கடை மெனு. தசரதனின் கை மௌஸின் மேல் நின்றுவிட்டது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒருமுறை தீபாவைத் திரும்பிப் பார்த்தான். நாற்காலியை நகர்த்தித் தன் முதுகால் திரையை மறைத்து, "இதுல இல்ல போலக்குதுண்ணா" என்றான்.

"இரு. கீழ கீறது நைனா இல்ல?"

பாலு அவன் கையைத் தள்ளிவிட்டுத் தானே அழுத்தினான்.

திரை முழுக்கத் துளசிங்கம் வந்தார். வெள்ளைச் சட்டை. முன்பல் ஒன்று போன இடம் தெரிகிற மாதிரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்குமேல் 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது. தோற்றம் என்ற இடத்தில் தேதி இருந்தது. மறைவு என்ற இடத்தில் வெறும் புள்ளிகள்.

ஒப்பாரி நின்றது.

"யாரு போட்டது இத?" என்றான் பாலு.

"நான்தாங்க."

"எப்ப?"

"ஆடில."

"அடிப் பாவி!" ஞானசௌந்தரி மார்பில் அடித்துக்கொண்டாள். "உசுரோட இருந்த மனுசனுக்கு சாவுப் போஸ்டர் போட்டு வச்சாளாமே! அதான் ஆறு மாசத்துல கொண்டுகினு பூட்ச்சி!"

எல்லாக் கண்களும் தன்மேல் திரும்பியதைத் தீபா உணர்ந்தாள். "மாமாதான் கேட்டாரு" என்றாள். ஆடியில் அவருடைய சேக்காளி குப்புராஜ் செத்தபோது, அவசரத்துக்கு வாலிபத்தில் எடுத்த படத்தைப் போட்டு ஒட்டிவிட்டார்கள். செத்தது யாரென்று தெரியாமல் பாதிப் பேர் பாடை எடுப்பதற்கே வரவில்லை. துளசிங்கம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு, "என் போஸ்டருக்கு அந்த வம்பே வேணாம். நீயே போட்டு வச்சிடு. சிரிச்சாப்ல இருக்கணும்" என்றார். மாட்டேன் என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் யாரிடம் சொல்வது?

கங்கையம்மாள் மெல்லத் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சிரிச்சிகினு கீறாரு பாரு" என்றாள். அதற்கப்புறம் அவள் அழுத அழுகையில் ஞானசௌந்தரியும் மார்பில் அடிப்பதை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள்.

பாலு பழையபடி குட்டிப் படங்களுக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பத்திரிகைகளின் அடியில் சாலமோன் கடைப் பெயர் இருந்தது. அவன் முகத்தில் கோபத்தைத்தான் தீபா எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"தெனம் தாம்பரம் போனது இதுக்குத்தானா?" என்று கேட்டான். அவளையா, பெட்டிக்குள் இருந்தவரையா என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை நேற்று வந்தவளிடம் சொல்லியிருக்கிறார் என்பதுதான் அவனுக்கு வலித்தது. அது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

"எழுந்து வா. தேதியப் போட்டுக் குடு."

இப்போது தலைமாட்டிலிருந்து எழுந்திருக்கலாமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை. கங்கையம்மாளின் பிடியை ஒவ்வொரு விரலாக விலக்கிவிட்டு, பெண்களின் கால்களுக்கு நடுவில் வழி தேடி நடந்து, தீபா நாற்காலியில் உட்கார்ந்தாள். தசரதன் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து கொடுத்தான். புள்ளிகளை அழித்து அன்றைய தேதியை அடித்தாள்.

பாலு பின்னாலிருந்து குனிந்து அடிவரியைப் படித்தான். மூன்று பெயர்கள் ஒரே அளவில் இருந்தன. ஒரு பக்கம் கங்கையம்மாள், ஒரு பக்கம் பாலு, நடுவில் தீபா. முதலில் அவள் தன் பெயரை வைக்கவே இல்லை. துளசிங்கம்தான் திரையில் விரலை ஊன்றி, 'இங்க நீ வா' என்று சொல்லி அடிக்கவைத்தார்.

"நம்ம பக்கத்துல மருமவ பேரெல்லாம் போஸ்டர்ல போடறது கெடையாது. எடுத்துடு" என்றான் பாலு. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "மத்ததெல்லாத்தையும் அழிச்சிடு. காரியம் முடிஞ்சதும் இந்தப் பொட்டி தசரதன் வூட்டுக்குப் போவுது" என்றான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. 'பா' முதலில் 'ப' ஆயிற்று. அப்புறம் அதுவும் போயிற்று. 'தீ', 'த' ஆகி மறைந்தது.

"அண்ணி," தசரதன் தயங்கித் தயங்கிச் சொன்னான், "நடுவுல காலியா நிக்குது. ரெண்டு பேரையும் கிட்டக்க நவுத்திடலாமா?"

"இருக்கட்டும் தசரதா."

சி.டி.யில் ஏற்றி அவளே கவரில் போட்டுக் கொடுத்தாள். பாலு அதை வாங்கிக்கொண்டு மாரியிடம் போனான். அவள் ஒவ்வொரு பத்திரிகையாக, ஒவ்வொரு பேனராக அழித்துவிட்டு, திரும்பப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். கங்கையம்மாள் அவள் தோளில் பழையபடி சாய்ந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். மேளம் ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பி, லாரிச் சத்தத்தில் அமுங்கிப்போன பிறகும் தீபா முனையிலேயே நின்றாள். எதிர்ச் சுவரில் மாரி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். துளசிங்கம் ஈரத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருந்த வெள்ளையில் காகிதம் காற்றுக் கோத்துக்கொண்டு உப்பியிருந்தது. மாரி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தான். அப்புறம் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனான்.