அப்பா திரும்பும் முன்

அக்கா அந்த வீடியோவை அனுப்பிய நாளைச் சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம். செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். கூடவே வந்த செய்தி மட்டும் எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "அப்பா எப்படி நிக்கிறாரு பாரு. ஒரு தடவை வந்துட்டுப் போடா." அதைக் கெஞ்சலாக எழுதினாளா, கோபமாகவா? இரண்டு விதமாகவும் எத்தனையோ தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

நான் சினிமாவில் எடிட்டர். அப்போது ஒரு பேய்ப்படத்தின் தொடக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று நிமிடம் வசனமே கிடையாது. வெறும் வீடு, காலி நாற்காலி, பாதி திறந்த கதவு, நீளமான நடைவழி. பிரேமில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டால் பார்ப்பவர் கண் சும்மா இருக்காது, அங்கே எதையாவது தேடும். நன்றாகத் தேடவிட்டு, தாமதமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. நடைவழியின் கோடியில் நிற்க வேண்டிய நடிகரை இன்னும் படம் பிடிக்கவில்லை.

இப்படி ஓட்டை விழுந்தால் கையில் கிடைத்ததைப் போட்டு இடம் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். நான் அப்பாவைப் போட்டேன்.

அக்கா வீட்டு நடைவழி, சாயங்கால வெயில். அப்பா சுவரைப் பார்த்தபடி கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறார். "அப்பா, இங்க பாருங்கப்பா" என்று அக்கா கூப்பிடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிச் சிரிக்கிறார். நான் அக்காவின் குரலை நீக்கினேன். வெயிலின் மஞ்சளை வடித்துவிட்டுப் பச்சை ஏற்றினேன். அப்பாவை ஓரத்துக்குத் தள்ளிப் பாதி உடம்பை இருட்டில் விட்டேன். அவர் தோள் அசைகிற இடத்தில் வெட்டினேன். முகம் தெரிந்தால் பயம் போய்விடும்.

"யோவ், யாருய்யா இந்தப் பெரியவரு? முதுகாலயே கொல்றாரு!" என்றார் இயக்குநர்.

"தெரிஞ்சவர்தான்."

"நம்ம ஹீரோ முகத்தை வச்சுக்கிட்டே ஒண்ணும் பண்ண மாட்டேங்கறான். இவருகிட்ட அனுப்பி வைக்கணும்."

நானும் சிரித்தேன். இடம் பிடிக்க வைத்தது அங்கேயே தங்கிவிட்டது. அக்காவுக்கு, வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன் என்று பதில் அனுப்பினேன்.

வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்னால் எங்கள் ஆட்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும் ஒரு பகல் காட்சி போட்டார்கள். திரையில் என் பெயரைப் பார்க்க அக்கா வந்தாள். அப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வராதே என்று சொல்லத் தோன்றவில்லை. அந்த ஷாட்டை நூறு முறை ஓட்டி ஓட்டி, அது எனக்கு அப்பாவாகத் தெரிவதே நின்றுபோயிருந்தது. மறந்துவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

ஷாட் வந்ததும் பின்வரிசையில் ஒரு பெண் "ஐயையோ" என்று கத்தினாள். சிலர் சிரித்தார்கள். அக்கா அசையவில்லை. படம் முடியும்வரை அசையவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "அன்னிக்கு அவருக்குக் கழிப்பறைக் கதவு எதுன்னு தெரியலடா. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு நின்னாரு."

நான் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திரும்பிச் சிரிப்பாரே. அதை ஏன்டா வெட்டின?"

எனக்குப் பதில் தெரியும். தொழில் பேச்சில் பத்து நிமிஷம் விளக்கியிருப்பேன்.

"எடுத்துடறேன்க்கா."

"எப்போ?"

"நாளைக்கே."

"சரி. வரும்போது அவருக்கு ரெண்டு பனியன் வாங்கிட்டு வா. எல்லாம் கிழிஞ்சு கிடக்கு."

மறுநாள் இயக்குநரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அடப்பாவி, முன்னாடியே சொல்றதுக்கென்ன? எடுத்துடு. வேற ஏதாவது போட்டுக்கலாம். உன் வீட்டு விஷயம், நீயே முடிவு பண்ணு."

அவர் தடுத்திருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும். இரண்டு நாள் முயன்றேன். பின்னால் நடிகரை நிற்கவைத்து எடுத்திருந்த ஷாட்டைப் போட்டேன், தானாக மூடும் கதவைப் போட்டேன், வெறும் நிழலைப் போட்டேன். எதுவும் நிற்கவில்லை. நடிகரின் முதுகுக்குத் தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. அப்பாவின் முதுகுக்கு எதுவும் தெரியாது. பழைய ஷாட்டையே திரும்ப வைத்துப் பிரதியை அனுப்பினேன்.

அக்காவுக்குத் தொலைபேசியில், "எடுத்துட்டேன்" என்றேன்.

"நல்லதுடா" என்றாள்.

படம் ஓடியது. தொடக்கக் காட்சி கைபேசி கைபேசியாகச் சுற்றி, மூன்றாவது வாரம் அக்கா மகளின் கைக்கு வந்தது. அவள் அதை அம்மாவிடம் காட்டினாள். இயக்குநர் இப்போது குடும்பப் படங்கள் எடுக்கிறார். அப்பா அடுத்த வருஷம் இறந்தார். அதற்கு முன் நான்கு முறை போய்ப் பார்த்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா என்னோடு பேசுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு. நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன்.