வியாழக்கிழமை வகுப்பு

"சைகலோட அண்ணிதானே பேசறது?"

வியாழக்கிழமை மாலை நாலே காலுக்குச் சதுரங்க ஆசிரியையிடமிருந்து போன் வந்தபோது, பர்மெத் மருந்துக்கடையில் இருமல் டானிக் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பாட்டிலைத் தட்டில் வைத்தாள். பிறகு, "ஆமா, அண்ணிதான்" என்றாள். வயிற்றில் சுமந்து பெற்ற மகளுக்கு.

"நாலு வாரமா புள்ள வகுப்புக்கே வரல. உடம்புக்கு முடியலையோன்னுதான் கேட்டேன்."

நாலு வாரமும் வியாழன்தோறும் ஐந்தரைக்குத்தான் சைகல் வீடு திரும்பினாள். என்ன கத்துக்கிட்ட என்று கேட்டால், "குதிரை நகர்த்தறது, அண்ணி" என்பாள். நாலு வாரமாக அதே குதிரை என்பது பர்மெத்துக்கு இப்போதுதான் உறைத்தது. இன்னொன்றும் சேர்ந்து உறைத்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மாமியார் வீட்டுச் சாவியைக் கொஞ்ச நாளாகக் காணோம். கணவன் திலேக்தான் எங்கோ தொலைத்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

கடையை உடன் வேலை செய்பவளிடம் விட்டுவிட்டு, ஆற்றுப் பாலத்துக்கு அக்கரையிலிருந்த மாமியார் வீட்டை நோக்கி நடந்தாள். நாரின் ஆறு ஓரங்களில் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

தலைச்சன் பிள்ளை தாத்தா பாட்டிக்கு. அந்த ஊரில் அதை யாரும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. நாற்பதாம் நாள் மாமியார் வந்தார், நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டினார், "இது என் கடைக்குட்டி" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனார். பர்மெத்துக்கு அப்போது இருபது வயது. துணியால் மார்பை இறுகக் கட்டிப் பாலை வற்றவைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்தது, சொல்லவில்லை. குழந்தை பாட்டியை அம்மா என்றது. பெற்ற அப்பனை அண்ணன் என்றது. அப்படியானால் அண்ணன் பெண்டாட்டி யார்? அண்ணிதான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

போன வசந்தத்தில் மாமியார் போய்ச் சேர, பத்து வயதில் ஒற்றைப் பையோடு சைகல் இந்த வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கே பர்மெத் ஓர் அட்டையில் நீல மையால் அட்டவணை எழுதி ஒட்டினாள். திங்கள் இசை, செவ்வாய் ஆங்கிலம், புதன் நடனம், வியாழன் சதுரங்கம், வெள்ளி நீச்சல். காலையில் இரட்டை முட்டை, இறுகப் பின்னிய ஜடை. "என் வேனுக்குக்கூட இத்தனை ட்ரிப் கிடையாதுடி" என்று திலேக் சிரித்தான். சைகல் எதையும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் "சரி, அண்ணி." இளையவள் ஐதாய் தட்டைத் தூக்கி எறிவாள், "நீ கெட்ட அம்மா!" என்று கத்துவாள். அந்த ஒரு கத்தலுக்கு ஏங்கினாள் பர்மெத். இவ்வளவு மரியாதை விருந்தாளிகளுக்குத்தான் வரும்.

மாமியார் வீட்டின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே அணைந்து கிடந்த அடுப்புக்குப் பக்கத்தில், ஆட்டுத்தோல்மேல், கோட்டைக் கழற்றாமல் சைகல் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்க அண்ணி. அடுத்த வாரத்திலேருந்து ஒழுங்கா போறேன்."

"இங்க என்னம்மா பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மான்னா?"

சைகல் தரையைப் பார்த்தாள். "அம்மா இங்க உக்காந்து கம்பளி பிரிக்கும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அது என்னை ஒண்ணும் கேக்காது."

வீட்டுக்கு வந்ததும் பர்மெத் அட்டவணையைக் கிழித்தெடுத்தாள். "என்ன, இன்னிக்கு எல்லா வண்டியும் ரத்தா?" என்றான் திலேக். அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். "பத்து வருஷத்த ஒரே வருஷத்துல ஓட்டிர முடியுமா, பர்மெத்?"

அடுத்து நடந்ததைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்த சைகலின் உதடு வெளுத்தது. "நான் எல்லாத்துக்கும் போறேன், அண்ணி. நிஜமா. இல்லன்னா என்னை எங்க அனுப்புவீங்க?"

"எங்கயும் அனுப்பமாட்டேன்." பர்மெத் பேனாவை எடுத்தாள். புது அட்டை ஒன்றில் வியாழன் என்று மட்டும் எழுதினாள். எதிரே, சும்மா. "நானும் வரட்டுமா?"

சைகல் அட்டையை ஒரு முறை படித்தாள். "பேசக் கூடாது" என்றாள். அந்த வீட்டில் அவள் போட்ட முதல் நிபந்தனை அது.

மறு வியாழன் காலை பர்மெத் சீப்பை எடுக்கவில்லை. சைகல் தானே பின்னிக்கொண்ட ஜடை கோணலாக, நுனி அவிழ்ந்து தொங்கியது. மூன்றரைக்கு இருவரும் மாமியார் வீட்டு ஆட்டுத்தோலில் உட்கார்ந்தார்கள். தரையில் தூசி. கூட்டலாமா? அடுப்பில் நாலு விறகு போட்டால் என்ன? கை அந்த ஜடையை நோக்கித் தானாக எழுந்தது. பர்மெத் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள். எதிரே ஆணியில் மாமியாரின் வெள்ளைத் தலைத்துணி, எடுப்பாரில்லாமல் தொங்கியது. பர்மெத்தும் அதைத் தொடவில்லை.

வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தபோது சைகலின் தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் பட்டது. தூங்கிவிட்டாள்.

"அம்மா" என்றாள் தூக்கத்தில். "இருக்கியா?"

இருக்கீங்களா அல்ல. இருக்கியா. அது தன்னைக் கேட்ட கேள்வி அல்ல என்று பர்மெத்துக்குத் தெரியும். பதில் சொல்ல வாய் திறந்தாள். பேசக் கூடாது என்றல்லவா சைகல் சொல்லியிருந்தாள்? திறந்த வாயை மூடிக்கொண்டாள். தொடைக்கடியில் கை மரத்து, பிறகு எரிந்து, பிறகு இருப்பதே தெரியாமல் போனது. அவள் அதை எடுக்கவில்லை. அவிழ்ந்த ஜடை நுனி சைகலின் மூச்சில் லேசாக அசைந்துகொண்டிருந்தது.