கழுத்துப் பொத்தானுக்கு மேலே

பந்து இல்லாமல் வீசினால் மட்டை புல்லை மழித்துக்கொண்டு போகிறது, பந்தை வைத்ததும் அதன் உச்சந்தலையில் தட்டுகிறது, பந்து பத்தடி உருண்டு படுத்துக்கொள்கிறது… அதே கை, அதே மட்டை, அதே துரை, பின் கோளாறு எங்கே? பிடி சரி, பாதங்களின் இடைவெளி சரி, முழங்கால் மடிப்பும் சரி, நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எந்தத் துரைக்கு கோல்ப் ஆட்டம் கெட்டாலும் மாயாண்டியைக் கூப்பிடு என்பார்கள், அந்த மாயாண்டியாகிய நான் மூன்று நாளாக இந்த ஒரு மனிதரிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன். "சனிக்கிழமை ஆட்டத்துல நான் தோத்தா நீயும் கப்பல்," என்று துரை தமிழிலேயே சொல்லிவிட்டார், ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், ஏழு மாத வயிற்றோடு என் பெண்டாட்டி ராஜம்மா எப்படிக் கப்பலேறுவாள்…

நான் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, ஒவ்வொரு உடம்புக்கும் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வேலை ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடித்து மட்டைக்கு மாற்றிவிட்டால் போதும், டாக்டர் துரைக்கு மோட்டாரைக் கிளப்பக் கைப்பிடி சுற்றும் இடுப்பு, லூபோக் சீனா தோட்டத்துத் துரைக்குத் தூண்டில் வீசும் மணிக்கட்டு, இவருக்கு? இவர் உடம்புக்கு என்னதான் தெரியும்? நேற்று ராஜம்மா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துக் கேட்டது வேறு குத்துகிறது. "எங்கண்ணன் முதுகு கிழியுது, பந்து வாத்தியாரு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க, என்னா ஆம்பளலா நீங்க?" நின்றேன்தான். நேற்றுக் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது அவள் அண்ணன் காளிமுத்து பிந்தி வந்தான், துரை பிரம்பை எடுத்தார், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், காளிமுத்து என்னைப் பார்த்தான், "மாப்ள, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு," என்றான், அந்தக் கண்ணிலிருந்து தப்பிக்க நான் வேறெங்கோ பார்க்கவேண்டியிருந்தது, பார்த்தது துரையின் முகத்தை…

முகத்தை! தோட்டத்தில் எவன் துரையின் முகத்தைப் பார்த்தான்? சட்டையின் கழுத்துப் பொத்தானோடு பார்வை நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் திமிர், பன்னிரண்டு வருடமாக நான் சொன்ன பாடமெல்லாம் பொத்தானுக்குக் கீழேதான். நேற்று அந்த முகம் அசையவில்லை, பிரம்பு விழுந்து எழுந்த பிறகும் கண் அதே இடத்தில், முதுகில் வரி சிவப்பதைப் பார்த்தபடி… முதுகு எங்கும் பறந்து போவதில்லையே, பந்துதானே பறக்கும். இப்போது துணிந்து கண்ணை உயர்த்துகிறேன், ஆமாம், பந்து போவதைப் பார்க்கும் அவசரத்தில் மட்டை இறங்கும் முன்பே மோவாய் எழுகிறது, மோவாயோடு தோள், தோளோடு மட்டை, ஒரு விரற்கடை, அவ்வளவுதான். "தலையத் தூக்காதீங்க தொர," என்கிறேன். "எல்லாப் பயலும் அதான் சொல்றான்," என்று அடிக்கிறார், பந்து உருள்கிறது. உடம்புக்குத் தெரிந்ததைச் சொன்னால்தான் உடம்பு கேட்கும். வேறு உதாரணம் கிடைக்காதா… தேடினேனா?

"தொர, நேத்து காளிமுத்த அடிச்சப்ப, அடிச்ச பெறகும் அடி விழுந்த எடத்தையே பாத்தீங்க. அதே மாதிரி, பந்து போன பெறகும் அது இருந்த புல்லையே பாருங்க."

பந்து நேராகப் பறந்தது. அது போவதைப் பார்த்தவன் நான் மட்டும்தான், துரை புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.