தண்ணிதானே கூடாது

பையைத் தோளிலிருந்து இறக்காமலே ரஞ்சிதா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய நாணயமும் சேர்த்துக் கட்டிய கால் கட்டைவிரல்களுமாகக் கிடக்கிற ஆளுக்கு நாடி பார்ப்பதில் ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திக்கொண்டு அவள் விரல்களையே பார்த்தார்கள். சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். கையில் ஏதாவது வைத்திருப்பாள் என்று ஒரு நப்பாசை.

“நாடி இருக்குதா சாமி?” என்றார் சித்தப்பா சின்னண்ணன்.

“இல்லீங்க சித்தப்பா.”

அழுகை மறுபடி தொடங்கியது. ரஞ்சிதா போய், அம்மா சித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்பா பெரியண்ணனுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாரம் இரண்டு முறை நாமக்கல்லில் டயாலிசிஸ். கூட்டிப்போய்க் கூட்டிவந்தது முழுக்கச் சித்தப்பாதான். வரும்போது அண்ணன் அசந்து விழுந்துவிடுவார் என்று, பைக்கில் பின்னால் உட்காரவைத்துத் தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்வார். ஜேடர்பாளையம் வழியில் அந்த இரட்டை ஆளைத் தெரியாதவர்கள் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சித்தப்பா சலிக்காமல் பதில் சொன்னார்.

“காத்தால நல்லாத்தானுங்க இருந்தாரு. அண்ணி ரேசன் கடைக்குப் போயிருந்தாங்க. தண்ணி தண்ணின்னு ஒரே அனத்தல். நாக்கு ஒட்டிக் கெடக்குது. கண்ணால பாக்க முடியலீங்க. டாக்டரு தண்ணிதான குடுக்கக் கூடாதுன்னாரு? தோப்புக்கு ஓடி ரெண்டு எளநி வெட்டியாந்து குடுத்தேன். ஒரு சொட்டு சிந்தாமக் குடிச்சாருங்க. செத்த நேரத்துல கண்ண மூடிட்டாரு. வயிறு குளுந்து போனாரு, அதொண்ணுதான் ஆறுதல்.”

“புண்ணியவான்” என்றார் ஒரு கிழவர்.

சித்ராவின் அழுகை பாதியில் நின்றது. மகளைப் பார்த்தாள். ரஞ்சிதா தரையைப் பார்த்தாள்.

கீரையையும் காயையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத்தான் சித்ரா இத்தனை நாளும் சமைத்தாள். வாழைப்பழமும் இளநீரும் வாசலைத் தாண்டி வரக்கூடாது என்று மகள் சொன்னதைக் கடைப்பிடித்தவள். காரணமும் அவளுக்குத் தெரியும்; சித்தப்பாவுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஒரு நோய் உடம்புக்குள் எந்த வழியாக நடந்து போகிறது என்று சொல்லித்தருகிற பாடத்தை ரஞ்சிதா விடுமுறையில் அம்மாவிடம்தான் ஒப்பிப்பாள். பொட்டாசியம் என்று ஓர் உப்பு. கெட்ட சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது. இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் போனால் இதயம் துடிக்க மறந்துவிடும். இளநீரில் அது ஏராளம். அப்பாவுக்கு மறுநாள்தான் டயாலிசிஸ். இரண்டு காய். அதனால்தான் போனார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பரீட்சையில் கேட்டிருந்தால் அதைத்தான் எழுதியிருப்பாள்.

சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்தச் சட்டையின் இடுப்பில் துண்டு உரசி உரசி வெளுத்த இடம் கண்ணில் பட்டதும் அழுகைதான் வந்தது. அப்பா போனதற்கு அவள் அழுதது அப்போதுதான்.

எடுத்துப்போன பிறகு, வீடு கழுவும்போது சித்ரா மெல்லச் சொன்னாள். “உங்க சித்தப்பங்கிட்டச் சொல்லிப்புடாத. அந்த மனுசன் தாங்க மாட்டாரு.”

“சொல்லலம்மா.”

அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை பால் தெளிப்பு. சுடுகாட்டில் சாம்பல் மேல் பாலோடு ஊற்றுவதற்கு இளநீர் வேண்டும். சித்தப்பா ஒரு குலையையே இறக்கி வந்து, வாசலில் குத்துக்காலிட்டுச் சீவிக்கொண்டிருந்தார். முதல் காயை ரஞ்சிதாவிடம் நீட்டினார்.

“குடி சாமி. நேத்திருந்து ஒண்ணும் திங்கல நீ.”

வாங்கக் குனிந்தவள் அவர் காலைப் பார்த்தாள். செருப்பு வார் பதிந்த தடம் இரண்டு பாதத்திலும் ஆழமாக இருந்தது. அவள் கேட்காமல் உட்கார்ந்து கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தபோது குழி அப்படியே நின்றது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சித்தப்பாவுக்கும் சர்க்கரை உண்டு.

“சக்கர மாத்தர போடறீங்களா சித்தப்பா?”

“அது ஒரே சூடு. அதுக்குத்தான் தெனம் காத்தால வெறும் வயித்துல ஒரு எளநி குடிக்கறேன். நல்லாத்தான் இருக்குது.”

சித்ரா நிலைப்படியில் வந்து நின்றாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். ரஞ்சிதா பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

“நாளைக்கு எங்கூடச் சேலம் வாங்க. ரத்தம் குடுத்துப் பாக்கோணும். அதுவரைக்கும் எளநி குடிக்காதீங்க.”

சித்தப்பா சிரித்தார். “எளநி என்ன பண்ணும்? தண்ணியா அது?”

“கிட்னி கெட்டிருந்தா ஆகாதுங்க சித்தப்பா. தண்ணியவிட மோசம்.”

அரிவாள் பாதிக் காயில் நின்றது. அவர் அதை உருவவில்லை.

“உங்கப்பனுக்கு?”

ரஞ்சிதா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சித்ராதான் குரல் கொடுத்தாள். “அவருக்கு நேரம் வந்துச்சு, போயிட்டாரு. புள்ள சொல்றதக் கேட்டு நீங்க ஒழுங்கா இருங்க.”

சித்தப்பா அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குலையைப் பார்த்தார். தெருவில் பால் சொம்போடு நின்ற பங்காளிகள், “போலாமா சின்னண்ணா, வெயில் ஏறுது” என்றார்கள்.

அவர் அரிவாளைக் காயோடு சேர்த்து அப்படியே சுவரோரம் வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அண்ணி, ஒரு சொம்பு தண்ணி குடுங்க.”

சித்ரா டம்ளரில் கொண்டுவந்தாள்.

“எனக்கில்லீங்க. அண்ணனுக்கு.”

அவள் உள்ளே திரும்பிப் போய், வீட்டிலிருந்த பெரிய சொம்பை எடுத்துப் பானையிலிருந்து மொண்டாள். விளிம்பு வரை ஊற்றினாள். சித்தப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், எல்லாருக்கும் பின்னால் மெதுவாக நடந்தார்.