ஆறாம் நம்பர்

"ஆமை வருது, எல்லாரும் வழி விடுங்க!"

வாசலில் நின்று அவர் இப்படிச் சத்தம் போட்டால், மனைவி சுவரைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே வருவாள். சில மாதங்களாகச் சிரிப்பும் இல்லை, நடையும் இல்லை. மாலையில் உலாவக் கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு சீரியல் இருக்கு" என்பாள். சோம்பல் முற்றிவிட்டது என்று மகளிடம் போனில் கோள்மூட்டினார்.

நேற்று அவள் கூடத்தில் தடுமாறி விழுந்தாள். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. இன்று கிளினிக்கில் டாக்டரம்மா முழங்காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். பிறகு, "செருப்பைக் கழட்டுங்கம்மா" என்றார்.

அவள் தயங்கினாள். டாக்டரம்மாவே குனிந்து கழற்றினார்.

விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சுண்டுவிரலில் கால் ஆணி. கட்டைவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது.

"குனிஞ்சு நகம் வெட்ட முடியலையாம்மா?"

"இடுப்பு மடங்க மாட்டேங்குது டாக்டர்."

"செருப்பு வேற ரொம்பச் சின்னது. வயசானா பாதம் அகலமாகும். இந்த வலியோட யாரு நடப்பா? நடக்காம உட்கார்ந்தா கால்ல இருக்கிற பலமும் போயிடும். அதான் விழுந்திருக்கீங்க. யாரு வாங்கித் தந்தது இதை?"

"இவர்தான்."

"சார் என்ன வேலை பார்த்தீங்க?"

"ஒரு கடையில..." என்று இழுத்தார். என்ன கடை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

பாதத்தைப் பார்த்த மாத்திரத்தில் நம்பர் சொல்லிவிடுவார் என்று செருப்புக்கடையில் பேர் வாங்கியவர் அவர். கல்யாணமான புதிதில் மனைவிக்கு ஆறாம் நம்பர் என்று கண்டுவைத்தார். அதற்குப் பிறகு அவள் காலைப் பார்ப்பானேன்? வேலையில் இருந்தபோதும், ஓய்வு பெற்ற பின்னும், வீட்டுக்கு ஆறாம் நம்பரே வந்தது.

நகத்தை அங்கேயே நர்ஸ் சரிசெய்து அனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் அவர் வெந்நீர் வாளியோடு தரையில் உட்கார்ந்தார். அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, விடுங்க!"

"செருப்பு கடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நாள் முழுக்க ஊரார் காலைத் தொட்டுட்டு வருவீங்க. வீட்லயும் நான் வேற காலை நீட்டணுமா?"

"சரி, ரிட்டயர் ஆன பிறகாவது?"

"அதுக்குள்ள நீங்க ஆமைன்னு பேரு வச்சிட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் எந்த வாயால வலின்னு சொல்றது?"

அவர் அவள் பாதத்தை மெல்ல எடுத்து நீருக்குள் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அவள் வெறுங்காலோடு எழுந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. அவர் அவளைவிட மெதுவாக நடந்தார்.

"விழுந்தது நான்," என்றாள் அவள். "நீங்க எதுக்குங்க அழறீங்க?"