ஓடாத வண்டி விற்பனைக்கு

விளம்பரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் விட்டுப்போயிருந்தது. 'அதிகம் ஓடாத வண்டி' என்று போட வேண்டிய இடத்தில் 'ஓடாத வண்டி' என்று போட்டுவிட்டான் தம்பி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்பதால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். நாள் முழுக்கப் பேசித் தீர்ப்பவன், எழுத வேண்டிய இடத்தில் போய் ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டான்.

அது தெரியாமல் அந்த வாரம் முழுக்க அவன் அக்கா மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருவர்கூட 'ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க' என்று கேட்கவில்லை. ஒருவர் கதவை மட்டும் தனியாகத் தருவீர்களா என்றார். இன்னொருவர் பழைய இரும்பு நிறுக்கும் தராசோடு வந்து இறங்கினார். அவரைப் பார்த்துத்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. தம்பியின் போனைப் பிடுங்கி விளம்பரத்தைப் படித்தாள்.

"ஒரு வார்த்தைதானேக்கா," என்றான் ரேடியோ.

"அந்த ஒரு வார்த்தைதான்டா வண்டியே."

அவளை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகும் வயதில் பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பாவின் ஸ்பானரைக் கட்டிக்கொண்டு தூங்கியவள். வண்டி பெரியப்பாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் பந்தாவுக்காக அவர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. இடுப்பு உயரம்கூட இல்லை. இன்ஜின் இறுகிப் போய், வீட்டுப் பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. 'ஓட வச்சிட்டா நீயே வித்துக்கோ' என்று அவர் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைக்க, ஸ்பானர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மழைக்காலம் அந்த ஷெட்டிலேயே போனது. துருவைச் சுரண்டி, தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, கரும்பச்சை அடித்தாள். அதுவரை பெரியப்பாவுக்குச் சந்தோஷம்தான். விபத்தில் முகம் நசுங்கிய ஒரு புதுக் காரின் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் அவள் இதற்குள் இறக்கியபோதுதான் மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது. பழசு என்றால் பழசாகவே இருக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டதற்கு ஒரு முறைப்பு. பின்பக்கம் அடியில் இழுவைக் கொக்கி ஒன்றைப் பற்றவைத்தாளே, அதற்குத்தான் அதிகக் கிண்டல். பந்தயக் காருக்குக் கொக்கி எதற்கு, கிணறு தூர்வாரவா என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் கெடுவும் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்காவிட்டால், உதிரிப் பாகக் கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் திங்கட்கிழமை வந்து வண்டியைக் கழற்றிக்கொண்டு போவார். ஓடுகிற வண்டியை ஓட்டுகிறவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர ஸ்பானருக்கு வேறு ஆசை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, திருத்துவதற்கு முன்பே விளம்பரத்தைப் பார்த்திருந்த ஒரு பல் டாக்டர் வந்தார். ஐம்பது வயது அம்மா. கசங்காத பருத்திச் சேலை, கையில் அளவு டேப். கூடவே வண்டி ஏற்றிப்போகும் லாரி ஒன்றையும் வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார். ஷெட்டுக்குள் நுழைந்தவர் காரைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அளந்தார். கிளினிக்கின் முன் ஹாலில் சரியாகப் பொருந்துமாம். ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகளை அதில் உட்கார வைக்கலாமாம்.

"இது ஓடும் டாக்டர்," என்றாள் ஸ்பானர். "நல்லாவே ஓடும்."

பிடுங்க வந்த இடத்தில் பல் கெட்டியாக இருப்பதைக் கண்டதுபோல டாக்டரின் முகம் விழுந்தது. "ஓடாதுன்னுதானே போட்டிருந்தீங்க? ஹாலுக்குள்ள பெட்ரோல் வாசனை வந்தா யாரும்மா உக்காருவாங்க?"

பெரியப்பா முந்திக்கொண்டார். "அதுக்கென்ன டாக்டரம்மா, ஓடாம பண்ணிடலாம்."

இன்ஜினும் கியர் பெட்டியும் நண்பருக்கு, கூடு டாக்டருக்கு. இரண்டு பக்கமும் லாபம். பெரியப்பா வாயெல்லாம் பல்லாக நின்றார். பழுதான வண்டியை ஓட வைப்பது ஸ்பானருக்குத் தெரியும். ஓடுகிற வண்டியைப் பொம்மையாக்கும் வேலை அவள் கைக்கு வராது. ஐந்து கியர், புது பிரேக் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே அகலத்தை இன்னொரு தரம் அளந்தார்.

வெளியே ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பேரம் முடியும்வரை சும்மா இருப்பானேன் என்று லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, மேலே சுழலும் விளக்கு எரிய, பாட்டுக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். இப்போது சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பழைய பேட்டரி மொத்தமாகப் படுத்துவிட்டது. வாசலை ஒட்டித் தெருவை அடைத்துக்கொண்டு லாரி. பின்னால் வரிசையாக வண்டிகள்.

காரின் பேட்டரியில் ஒயர் கொடுத்துக் கிளப்பலாமா என்று லாரிக்காரர் கேட்டார்.

"உங்களுது இருபத்தி நாலு வோல்ட், என்னுது பன்னெண்டு. ஒத்து வராது," என்றாள் ஸ்பானர். "கட்டி இழுத்தாத்தான் உண்டு."

"எதை வச்சும்மா இழுக்கிறது?"

அவள் ஷெட்டைக் கைகாட்டினாள்.

"அதையா? அதை ஏத்திட்டுப் போகத்தானேம்மா நானே வந்தேன்!"

தெருவே சிரித்தது. ஸ்பானர் சிரிக்கவில்லை. காரை எடுத்து வாசல் வழியாக வெளியே வந்து, லாரிக்கு முன்னால் நிறுத்தினாள். கிண்டலுக்கு ஆளான அந்தக் கொக்கியில் ரேடியோ கயிற்றை மாட்டினான். கிளட்சை மிதித்தபடி இரண்டாவது கியரில் போட்டு வைத்திருக்க வேண்டும், கை அசைத்ததும் விட வேண்டும் என்று லாரிக்காரருக்குச் சொல்லியாயிற்று. கை அசைக்கத்தான் ஆள் வேண்டும். காரின் கண்ணாடியோ உள்ளங்கை அளவுதான்.

"டாக்டர், ஏறுங்க. பின்னாடி பாத்து உக்காருங்க. நான் சொன்னதும் கையை ஆட்டுங்க."

டாக்டர் என்ன நினைத்தாரோ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தார். கிளட்ச் கருகிவிடும் என்று பெரியப்பா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

கயிறு விறைத்தது. காரின் பின்பக்கம் தரையோடு தரையாகப் பதிந்தது. சக்கரம் ஒரு தரம் கிறீச்சிட்டுப் பிடித்துக்கொண்டது. மலைபோல நின்ற லாரி முனகிக்கொண்டே அசைந்தது. பிறகு உருண்டது. பிறகு வேகமெடுத்தது.

"இப்ப!"

டாக்டரின் கை மேலே போனது. லாரி ஒரு குலுக்கல் குலுங்கி, கரும்புகையைக் கக்கி, உறுமியது.

"பத்திக்கிச்சு!" என்று கத்தினார் டாக்டர். கிளினிக்கில் அவர் அப்படிக் கத்தியிருந்தால் நோயாளிகள் எல்லாம் எழுந்து ஓடியிருப்பார்கள். தெருவில் கைதட்டல். ஹாரன் அடித்துக் கடுப்பேற்றிய பைக்குக்காரர் விசிலே அடித்துவிட்டார்.

கயிற்றை அவிழ்த்த பிறகும் டாக்டர் இறங்கவில்லை. முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"அஞ்சாவது கியர்னு சொன்னியே. அது எங்க இருக்கு?"

"மெயின் ரோட்டுல," என்றாள் ஸ்பானர்.

போனபோது ஸ்டியரிங் ஸ்பானர் கையில் இருந்தது. திரும்பி வந்தபோது டாக்டர் கையில். வாசலில் அவர் பிரேக்கை மிதித்தார். ஒரு சத்தம் இல்லாமல் வண்டி நின்றது. எதையும் கழற்ற வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொன்னார்.

"அப்ப ஹாலுக்கு?"

"ஹாலுக்கு ஒரு சோபா வாங்கிக்கிறேன்."

விலையைச் சொன்னபோது அவர் பேரம்கூடப் பேசவில்லை. லாரியை வெறுமனே அனுப்பிவிட்டு, கரும்பச்சைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். முனை திரும்பும்போது தேவையே இல்லாமல் ஒரு ஹாரன்.

பெரியப்பா உதிரிப் பாகக் கடை நண்பருக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை வர வேண்டாம், எங்கள் வீட்டுப் பெண் செய்த வண்டி லாரியையே இழுத்துவிட்டது என்றார். பேசி முடிப்பதற்குள் லாரி இரண்டாகியிருந்தது. கொக்கி வைக்கச் சொன்னதே தான்தான் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். ஸ்பானர் அதைக் கேட்டும் கேளாதவள்போல, கிரீஸ் கையைத் துடைத்தபடி ஷெட்டின் காலி இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வண்டிக்கு இடம் தாராளமாக இருந்தது.

ரேடியோவின் போன் அடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் அதை அக்காவிடம் நீட்டினான்.

"ஏங்க, ஓடாத வண்டி ஒண்ணு விக்கிறீங்களாமே, இருக்கா?" என்றது ஒரு குரல்.

"இருந்துச்சுங்க," என்றாள் ஸ்பானர். "இப்பதான் ஓடிருச்சு."