மரத்தின் ஒப்பாரி

1

இந்தக் கதை ஒரு படத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆதி ஆங்கிலேயர் நட்ட கற்சிலுவை. மூன்று ஆள் உயரம். ஓரங்களில் கவிதை வெட்டியிருக்கிறார்கள். அதில் பேசுவது சிலுவையே. 'நான்' என்கிறது. அந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பிறகு எழுதினேன்: 'எட்டாம் நூற்றாண்டின் பனிக்காலத்தில், உளி பிடித்த துறவி ஒருவன்—'

(விட்டுவிட்டேன். அந்தத் துறவி என்ன சாப்பிட்டான் என்றுகூட எனக்குத் தெரியாது. அஞ்சலீனாவைத் தெரியும்.)

2

மொன்றியல், 2006, தவக்காலம். ஈழத்திலிருந்து வந்த அஞ்சலீனா, நகரின் மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறாள். படத்தை அவள் கையில் கொடுத்தேன். மதிய இடைவேளைகளில் அவள் ஓர் ஒப்பாரி எழுதி முடித்தாள். பெரிய வெள்ளியன்று அவர்களுடைய தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் மாதாவின் அழுகையை மட்டுந்தான் பாடுவார்கள். அஞ்சலீனாவின் பாட்டில் சிலுவை மரம் அழுகிறது.

அவளுக்குக் குரல் கிடையாது. கோயிலில் பதினெட்டு வருடமாகத் தச்சர் அரியரத்தினம்தான் பாடுகிறார். அவர் மறுத்தால் பாட்டு அவள் கைப்பையோடு சரி.

வில்லரேயில் இருந்த அவருடைய தச்சுப் பட்டறைக்குப் போனாள்.

"மாதா அழுவா, சரி. மரம் ஏன் பிள்ளை அழுகுது?"

"கடைசி மட்டும் அவரைத் தாங்கினது அதுதானே, அண்ணை."

"ஆணி அடிச்சதும் அதிலதான்."

"அதுக்குத்தான் அழுகுது."

அவர் சீவுளியைக் கீழே வைத்தார். "கோயில் சிலுவை நான் செய்தது. அது என்னைப் பற்றியும் கதைக்குமோ?"

"ஓம். ஒரு பக்கம் சரிச்சுப் போட்டாரெண்டு சொல்லும்."

உள்ளே அவர் மனைவி மாக்கிரட் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். "பாப்பம்."

3

(இவ்வளவு சுலபமாக வாங்குவாரா? திருப்பிக் கொடுக்க வைத்து இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவையும் தாள் சட்டைப்பைக்கே போனது.*)

* இவரை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விமர்சகர்களிடம் சொல்லவேண்டாம்.

4

பெரிய வெள்ளி, பின்னேரம். மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுவது வழமை. அரியரத்தினம் அங்கேயே நின்று மாதாவின் அழுகையைப் பாடி முடித்தார். சனம் சிலுவையை முத்தமிட எழும்பியது. அஞ்சலீனா அவர் கைகளைப் பார்த்தாள். தாள் இல்லை.

முடிவு ஒன்று: அவர் போய் உட்கார்ந்துவிடுகிறார். அஞ்சலீனா வரிசையில்—

முடிவு இரண்டு: அவர் பாட, கோயிலே அழுகிறது. (எந்தக் கோயிலும் அப்படிச் சொல்லிவைத்தாற்போல் அழுவதில்லை.)

கண்டதை மட்டும் சொல்கிறேன். அவர் மாதாவை விட்டு நகர்ந்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. பீடத்தைக் கடந்து சிலுவையிடம் போனார். சிநேகிதனின் தோளில் வைப்பதுபோல் அதன் குறுக்குச் சட்டத்தில் கை வைத்தார். வரிசை நின்றது. அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

அஞ்சலீனாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. எனக்கும்.

அவள் பாட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை. யாரையாவது கடைசி மட்டும் தாங்கி நின்றவர் நீங்களென்றால், முதல் அடியை நீங்களே எடுங்கள்.